நல்ல வெயிலில் நின்றுபோகும் சோலார் இன்வெர்ட்டர்

தென்காசி பக்கம் கிராமம். மாடியில் 3 கிலோவாட் ஆன்-கிரிட் (கரண்ட் லைனோடு இணைந்து ஓடும்) சோலார், சிங்கிள் ஃபேஸ், பேட்டரி கிடையாது. பிப்ரவரியில் மாட்டியது, நன்றாகத்தான் ஓடியது. தெருவில் இன்னும் சில வீடுகளில் மானியத்தில் சோலார் வந்த பிறகு, பதினொன்றரை ஆனாலே இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்து 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' (லைனில் வோல்டேஜ் அதிகம்) என்று காட்டி நின்றுவிடுகிறது, சில நிமிடத்தில் தானாக ஓடி மறுபடி நிற்கிறது, மூன்று மணிக்கு மேல் சமர்த்தாக ஓடுகிறது. வெயில் காயும் நேரத்தில் ஓடாத சோலார் எதற்கு!

பேனல் கழுவியாச்சு, கனெக்‌ஷன் எல்லாம் முறுக்கியாச்சு, எர்த்தும் சரி. நின்றுபோவதற்குச் சற்று முன் மல்டிமீட்டர் வைத்தால் இன்வெர்ட்டர் முனையில் 256 வோல்ட், கீழே மீட்டரில் 252, இரவில் 236தான். இடையில் ஓடுவது 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்புக் கேபிள், சுமார் 40 மீட்டர். லைன் வோல்டேஜ் குறைய டிரான்ஸ்பார்மர் டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்றச் சொல்லி மனு கொடுத்தேன், லைன்மேன் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. மச்சான் சின்னக் காற்றாலை வை என்கிறார். ஆடிக் காற்று இங்கே பலம்தான், ஆனால் சீசன் முடிந்தால் அது சும்மா நிற்கும், வீட்டு உயரத்தில் காற்றும் சுழன்றுதான் அடிக்கும், அதனால் வேண்டாம்.

கேபிளை 10 ஸ்கொயராக மாற்றினால் போதுமா, இல்லை ஹைப்ரிட் (பேட்டரியிலும் சேமிக்கும்) இன்வெர்ட்டரும் பேட்டரியும் போட்டால்தான் தீருமா?