மார்ஷல் தீவுகள் நிஜமாவே தனி நாடா, பேருக்குத்தான் நாடா?

குரூப்1_கனவு கேட்டது:
தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கேன். பசிபிக் கடல்ல இருக்கிற மார்ஷல் தீவுகள் 1986-ல இறையாண்மை, 1991-ல ஐ.நா. உறுப்பினர்னு புத்தகத்துல இருக்கு. 2021 கணக்கெடுப்புப்படி ஜனத்தொகை 42,000 சொச்சம். எங்க நகராட்சியிலயே அதைவிட அதிகம். ராணுவம் கிடையாது, பாதுகாப்பு அமெரிக்கா பொறுப்பு, புழங்குறது அமெரிக்க டாலர். பொதுச்சபையில மட்டும் இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு, அவங்களுக்கும் ஒரு ஓட்டு. இதைச் சுயநிர்ணயம்னு சொல்லலாமா?

எஞ்சின்ரூம்:
தம்பி, நான் தூத்துக்குடி, கப்பல்ல எஞ்சினியர். எங்க கப்பல் பின்பக்கம் பேருக்குக் கீழ வெள்ளைப் பெயிண்டுல 'மஜுரோ'ன்னு எழுதியிருக்கும். மார்ஷல் தீவுகளோட தலைநகர். முதலாளி கிரேக்கர், ஆளுங்க பாதி இந்தியா, பாதி பிலிப்பைன்ஸ். மஜுரோவை ஒருத்தரும் பார்த்ததில்ல. கப்பல் எந்த நாட்டுல பதிவோ, அந்த நாட்டுக் கொடிதான் அதுக்கு. டன்னேஜ் (கப்பல்களோட மொத்தக் கொள்ளளவு) கணக்குல உலகத்துல முதல் மூணு கொடிகள்ல ஒண்ணு அது. ஆனா அந்தப் பதிவை நடத்துற ஆபீஸ் அமெரிக்காவுல, வர்ஜீனியாவுல. உன் சந்தேகத்துக்கு இதையும் சேர்த்துக்கோ.

இப்ப முந்தின கதையைக் கேளு. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்க 67 அணுகுண்டு வெடிச்சுப் பார்த்தது. 1954 மார்ச் 1-ல அங்க பிகினித் தீவுல வெடிச்சது 15 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல ஆயிரம் மடங்கு. ரொங்கெலாப் தீவு மேல வெள்ளைச் சாம்பல் கொட்டுச்சு, பிள்ளைங்க அதுல விளையாடுச்சுங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஆளுங்களைக் கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்க. அப்போ அது ஐ.நா. பொறுப்பாட்சிப் பகுதி, அதாவது ஐ.நா. சார்பா வேற நாடு நிர்வாகம் பண்ற இடம்; பார்த்துக்க வேண்டியவனும் அமெரிக்காதான். அடுத்த மாசமே தீவுக்காரங்க, சோதனையை நிறுத்துங்கன்னு ஐ.நா.வுக்கு மனு போட்டாங்க. மனுவை வாங்கி வச்சாங்க. வெடிக்கிறது நிக்கல.

2014-ல அதே ஜனங்க, அணு ஆயுதத்தை ஒழிக்கப் பேச்சு நடத்தலைன்னு ஒன்பது அணு ஆயுத நாடுகள் மேல ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க. நம்ம மேலயும்தான். இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மூணு வழக்கு நடந்தது. 2016-ல மூணும் தள்ளுபடி. அதுலயும் பிரிட்டன் வழக்குல நீதிபதிகள் எட்டுக்கு எட்டு, தலைவரோட ஓட்டுலதான் போச்சு. 1954-ல மனுதாரர், 2014-ல வாதி. நாடுங்கிற அந்தஸ்து இல்லாம கோர்ட் படி ஏறவே முடியாது.

பாரிமுனை வக்கீல்:
ரொம்பத் தூக்கி வைக்காதீங்க அண்ணாச்சி. 1986-ல அமெரிக்காவோட நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்துல 15 கோடி டாலர் வாங்கிக்கிட்டு, அணுச்சோதனைக் கோரிக்கை எல்லாம் தீர்ந்ததுன்னு கையெழுத்துப் போட்டது இதே தீவுகள்தான். பிறகு அவங்க தீர்ப்பாயமே 200 கோடி டாலருக்கு மேல இழப்பீடு விதிச்சது, கொடுக்கக் காசில்ல. ஜெருசலேமை இஸ்ரேல் தலைநகர்னு அமெரிக்கா அங்கீகரிச்சதை எதிர்த்து 2017 டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபையில வந்த தீர்மானம் என்ன ஆச்சு? ஆதரவு 128, எதிர்ப்பு 9. அந்த ஒன்பதுல மார்ஷல், மைக்ரோனேஷியா, நவ்ரு, பலாவ்னு நாலு பசிபிக் தீவு. சம்பளம் கொடுக்கிறவன் பக்கம் கை தூக்குறதுக்குப் பேரு சுயநிர்ணயமா?

எஞ்சின்ரூம்:
வக்கீல் சார், அந்தக் கையெழுத்துப் போட்டப்போ அவங்க இன்னும் பொறுப்பாட்சியிலதான் இருந்தாங்க. வீட்டுக்காரன் சாவியைக் கையில வச்சிருக்கும்போது குடித்தனக்காரன் என்ன பேரம் பேசுவான்? ஜெருசலேம் ஓட்டுக்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

ஆனா அந்த வாடகைக் கொடியே அவங்களுக்கு ஒரு இடத்துல கை கொடுக்குது. கப்பல் போக்குவரத்துக்கான ஐ.நா. அமைப்பு ஐஎம்ஓ; லண்டன்ல இருக்கு. அதுல சந்தா பெரும்பாலும் டன்னேஜ் கணக்கு. இந்தியாவை விட அவங்க கட்டுறது அதிகம். 2015-ல அவங்க வெளியுறவு அமைச்சர் டோனி டி ப்ரம் நேரா லண்டன் போய், கப்பல் புகைக்கு இலக்கு வையுங்கன்னு கேட்டார். ஒன்பது வயசுல தாத்தாவோட மீன் பிடிச்சிட்டிருந்தப்போ 1954 வெடியைக் கண்ணால பார்த்த மனுஷன். தன் கொடியில ஓடுற கப்பலுக்கே கார்பன் கட்டணம் போடச் சொல்ற நாடு அது, எங்க கம்பெனிக்காரங்களுக்கு அதுல எரிச்சல் உண்டு. 2025 ஏப்ரல்ல ஐஎம்ஓவுல வந்த அந்தக் கார்பன் கட்டண வரைவு ரொம்ப நீர்த்துப்போச்சுன்னு பசிபிக் தீவுகள் வாக்களிக்காம ஒதுங்கிடுச்சு. அக்டோபர்ல, அமெரிக்கா கொடுத்த நெருக்கடியில, அந்த நீர்த்ததும் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு.

குரூப்1_கனவு:
நன்றி அண்ணாச்சி. அப்போ சுதந்திரம் எந்த வருஷம்னு எழுத? 1986-ஆ, 1991-ஆ?

எஞ்சின்ரூம்:
1986 எழுது. பொறுப்பாட்சி முடிஞ்சதுன்னு பாதுகாப்பு சபை ஒத்துக்கிட்டது 1990 டிசம்பர். ஐ.நா.வுல சேர்ந்தது 1991 செப்டம்பர். மூணையும் கேட்பாங்க.