அப்டேட்பேனல் உள்ள பக்கத்தில் ட்ரேஸ் போட்டால் பட்டன் பிழை தருகிறது

கேள்வி:
டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8, வெப் ஃபார்ம்ஸ் (மைக்ரோசாஃப்டின் வலைப்பக்கத் தொழில்நுட்பம்). ரிப்போர்ட் பக்கத்தில் தேடல் பட்டனை அழுத்தினால் நாலு செகண்டுக்கு மேல் ஆகிறது. நேரம் எங்கே போகிறது என்று பார்க்க, பேஜ் டைரக்டிவில் (பக்கத்தின் தலையில் இருக்கும் அமைப்பு வரி), ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் பதிவு செய்யும் ட்ரேஸ்="ட்ரூ" கொடுத்தேன். பக்கம் திறக்கும்போது அடியில் அட்டவணை வருகிறது. பட்டனை அழுத்தியதும் பேஜ்ரிக்வெஸ்ட்மேனேஜர்பார்சர்எரர்எக்ஸப்ஷன் என்ற பிழை. தேடல் முடிவைக் காட்டும் கிரிட், பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் அப்டேட்பேனலுக்குள் இருக்கிறது.

பதில் 1:
அப்டேட்பேனலுக்குத் திரும்பி வருவது முழு எச்டிஎம்எல் பக்கம் அல்ல. நீளம், வகை, ஐடி, உள்ளடக்கம் என்று நெடுங்கோடு போட்டுப் பிரித்த உரை. அதன் வாலில் ட்ரேஸ் அட்டவணையும் ஒட்டிக்கொண்டால் அதைப் பிரித்துப் படிக்கும் பார்சர் திணறத்தான் செய்யும். பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள், சர்வர் ட்ரேஸையும் ஒரு காரணமாக அதுவே சொல்லும்.

டைரக்டிவில் போட்டதை நீக்கிவிடுங்கள். வெப்.கான்ஃபிக்கில் சிஸ்டம்.வெப் பகுதிக்குள்:

<ட்ரேஸ் எனேபிள்டு="ட்ரூ" பேஜ்அவுட்புட்="ஃபால்ஸ்" ரிக்வெஸ்ட்லிமிட்="40" மோஸ்ட்ரீசன்ட்="ட்ரூ" />

பட்டனை அழுத்தியபின் அப்ளிகேஷன் ரூட்டில் ட்ரேஸ்.ஏஎக்ஸ்டி (பதிவுகளைக் காட்டும் பக்கம்) திறந்து பாருங்கள். மோஸ்ட்ரீசன்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் லிமிட் நிரம்பியதும் பதிவு நின்றுவிடும். லிமிட்டும் கொடுக்காவிட்டால் வெறும் 10 ரிக்வெஸ்ட்தான் பதிவாகும்.

கேட்டவர்:
பிழை போய்விட்டது, நன்றி. எண்ட் ப்ரீரெண்டர் (பக்கத்தை எச்டிஎம்எல் ஆக்குவதற்கு முந்தைய கட்டத்தின் முடிவு) வரிக்கு நேராக ஃப்ரம் லாஸ்ட் 3.9 செகண்ட் என்று இருக்கிறது. ப்ரீரெண்டரில் நான் கோடே எழுதவில்லையே?

பதில் 2:
அந்த எண், முந்தைய வரியிலிருந்து இந்த வரிக்கு வர ஆன நேரம். அதாவது ப்ரீரெண்டருக்குள் ஓடியது. கிரிட்வியூவுக்கு டேட்டாசோர்ஸ்ஐடி (டேட்டா தரும் கன்ட்ரோலின் பெயர்) கொடுத்திருந்தால் கொயரி பெரும்பாலும் அங்கேதான் ஓடும், நீங்கள் எழுதாவிட்டாலும்.

எஸ்க்யூஎல்டேட்டாசோர்ஸ் என்றால் அதன் செலக்டிங், செலக்டட் இரண்டு ஈவென்டிலும் ஒரு ட்ரேஸ்.வார்ன் போடுங்கள், சிவப்பில் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நேரம் போனால் டேட்டாபேஸ் பக்கம் பாருங்கள். செலக்டட்டுக்குப் பிறகு என்றால் ரோடேட்டாபவுண்டில் (கிரிட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஓடும் ஈவென்ட்) வரிக்கு வரி யாரோ கொயரி அனுப்புகிறார்கள் என்பது என் சந்தேகம். தனி கிளாஸ் கோடிலிருந்து எழுத எச்டிடிபிகான்டெக்ஸ்ட்.கரண்ட்.ட்ரேஸ். டயக்னாஸ்டிக்ஸ்.ட்ரேஸ் வேறு, அதில் எழுதுவது தானாக இங்கே வராது.

பதில் 3:
சோதனை சர்வரிலும் பார்ப்பதாக இருந்தால் லோக்கல்ஒன்லியை (சர்வருக்குள்ளிருந்து மட்டும் ட்ரேஸைப் பார்க்க விடும் அமைப்பு) ஃபால்ஸ் ஆக்காதீர்கள். குக்கி, செஷன் ஐடி, ஃபார்மில் அடித்த பாஸ்வேர்டு எல்லாம் ட்ரேஸ்.ஏஎக்ஸ்டியில் அப்படியே கிடக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வருக்குள் போய் லோக்கல்ஹோஸ்டில் திறந்தால் போதும். அங்கேயும் ஒன்றும் வரவில்லையா? மெஷின்.கான்ஃபிக்கில் டிப்ளாய்மென்ட் ரீடெய்ல்="ட்ரூ" இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் வெப்.கான்ஃபிக்கில் என்ன எழுதினாலும் ட்ரேஸ் வராது.