ஆங்கிலத்தில் ஒரே பேண்ட்டுக்கு 'பேர்' (pair) எதுக்கு? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

திருப்பூரில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். லண்டன் பையர் ஒருவர் மெயிலில் '600 பேர் பைஜாமாஸ்' என்று எழுதியிருந்தார் (ஆட்கள் இல்லை, ஜோடி! அதுவும் மேல்சட்டை சேராத, கால்சட்டை மட்டும்). புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் படித்துவிட்டு, "அண்ணே, ஜோடின்னா ரெண்டுதானே, அப்ப 1200 பீஸ் போடணுமா?" என்றான். நியாயமான கேள்விதான், ஏனென்றால் அதற்கு முன்னால் போன சாக்ஸ் ஆர்டரில் ஒரு பேர் என்றால் இரண்டு, டஜன் பேர் என்றால் 24. பைஜாமாவில் மட்டும் பேர் என்றால் ஒன்று. அமெரிக்கச் சுங்கப் பட்டியலில்கூட சாக்ஸுக்கு 'டஜன் ஜோடி', ட்ரவுசர்ஸுக்கு வெறும் 'டஜன்' என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். நாங்கள் இப்போது பீஸ் என்று மட்டும்தான் எழுதுகிறோம். இதில் வேடிக்கை, பைஜாமா நம் பக்கத்திலிருந்து போன சொல். பாரசீகத்தில் பாய் என்றால் கால், ஜாமா என்றால் உடை, இந்தியில் அது ஒருமைதான். வெள்ளைக்காரன் கொண்டுபோய் ஒரு எஸ்ஸை ஒட்டிவிட்டான். நாம் மட்டும் சும்மா இருந்தோமா, அவனுடைய ட்ரவுசர்ஸை வாங்கி எஸ்ஸையும் வெட்டி, முழங்காலுக்குக் கீழேயும் வெட்டி டவுசர் ஆக்கிவிட்டோம்.

——

நான் தியேட்டர் நர்ஸ், சினிமா தியேட்டர் இல்லை. ஆபரேஷன் முடிந்து தையல் போட்டு மூடுவதற்கு முன் கருவிகளை எண்ணியாக வேண்டும், ட்ரேயில் வைத்தது அத்தனையும் திரும்பி வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது 'பேர்' என்று ஆரம்பித்தால் அவ்வளவுதான். ஸிஸர் ரெண்டு, ஆர்ட்டரி (ரத்தக்குழாயைப் பிடிக்கும் ஃபோர்செப்ஸ், அதாவது இடுக்கி) ஆறு, இப்படித்தான் எண்ணுவோம். ஸிஸர் என்பது தப்பு, ஸிஸர்ஸ் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு ஹவுஸ் சர்ஜன் திருத்த வந்தார். எங்கள் சீனியர் சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "அப்ப ஃபோர்செப்ஸ்ல ஒண்ணு மட்டும் எப்படிக் கேப்பீங்க டாக்டர்?" என்றார். ஃபோர்செப்ஸ் லத்தீனிலேயே ஒருமை, அந்த எஸ் அதன் கூடப் பிறந்தது.

——

புதுச்சேரியில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். அங்கே கத்தரிக்கோல் பன்மை, கடைசியில் ஒரு எக்ஸ் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் உளி ஆகிவிடும், உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். எங்கள் வகுப்பில் ஒருவர் பரீட்சையில் தையல்காரரை உளியால் துணி வெட்ட வைத்துவிட்டார். ஆனால் பேண்ட் பிரெஞ்சில் ஒருமை. ஜெர்மனிலோ பேண்ட், கத்தரி, மூக்குக்கண்ணாடி மூன்றுமே ஒருமை. அதனால் 'ரெண்டு கால் இருக்கு, அதான் பன்மை' என்கிற விளக்கத்தை நான் பாதிதான் நம்புவேன். ரெண்டு கை உள்ள சட்டை ஆங்கிலத்தில் ஒருமைதானே?

——

டியூஷன் எடுக்கிறேன். ஒரு பெண் கேட்டாள், "எங்கப்பா எலக்ட்ரீஷியன், அவர் கட்டிங் பிளேயர்னுதான் சொல்றார், தப்பா மிஸ்?" கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும், பரீட்சையில் மட்டும் பிளையர்ஸ் என்று எழுது என்றேன். கூடவே, இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தால் எஸ் பெரும்பாலும் விழுந்துவிடும், ட்ரவுசர் பாக்கெட், பைஜாமா பார்ட்டி என்று சொல்லிக்கொடுத்தேன். உடனே, "அப்ப கண்ணாடிக் கூடு கிளாஸ் கேஸா?" என்றாள். இல்லை, அது கிளாசஸ் கேஸ்தான், எஸ்ஸை எடுத்தால் உள்ளே டம்ளர் இருக்கிறது என்று நினைப்பார்கள்.