காட்போட் பெட்டிகளை எரிக்க வேண்டாம்

நான்: குடிபுகுதலுக்கு வாங்கிய சாமான்களின் காட்போட் பெட்டிகள் விறாந்தை முழுவதும் கிடக்கின்றன. நாளை காலையில் எரித்துவிடலாமா?

ஆரையம்பதி மாமி: எரித்துவிடுங்கள் மருமகன். மழையில் நனைந்தால் அள்ள முடியாது.

பெரியப்பா: தயவுசெய்து ஒன்றையும் எரிக்க வேண்டாம். நமது கல்லடி மணலில் ஊற்றும் தண்ணீர் வேருக்கு எட்டுமுன் கீழே இறங்கிவிடுகிறது. பாத்தியில் நனைத்த காட்போட் மட்டையை, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, மேலே மாட்டெருவும் சருகும் இட்டுக் கத்தரி நட்டால், ஈரம் தங்கும். சிறு புற்களும் வெளிச்சமின்றிப் பட்டுப்போகும். கோரை மட்டும் மட்டையைத் துளைத்துக்கொண்டு வரும். அதன் கிழங்கை முன்பே தோண்டி எடுக்க வேண்டும். டேப், கம்பி, பளபளப்பான தாள் எதுவும் மண்ணுக்குள் போகக் கூடாது.

ஆரையம்பதி மாமி: அண்ணா, நீங்கள் வேலியோரம் அடுக்கிய மட்டையிலிருந்து வந்த கறையான்தான் என் கதவுநிலையைத் தின்றது. நான் அதை மறக்கவில்லை.

பெரியப்பா: கறையான் வரும் என்பது உண்மை, தங்கச்சி. அதனால்தான் சுவருக்கும் வேலிக்கும் எட்ட, கிணற்றடிப் பாத்திகளில் மட்டும் விரிக்கச் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடி அக்கா: என் மண்புழுத் தொட்டிக்கும் கொஞ்சம் வேண்டும், பெரியப்பா. கிழித்து அப்படியே போடலாமா?

பெரியப்பா: விரலகலத்தில் கிழித்து ஊறவைத்து, பிழிந்தால் ஓரிரு சொட்டு விழும் பதத்தில் போடு, மகள். மட்டையில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. ஆகவே மரக்கறிக் கழிவையும் சேர்க்க வேண்டும். மீன் குடல், தேசிக்காய்த் தோல், உப்பிட்ட கறி ஆகியவை வேண்டாம். எறும்பு ஏறினால் ஈரம் போதவில்லை என்று அறிந்துகொள். சில வாரங்களின் பின் ஒரு துண்டைப் பிரித்துப் பார். நெளிவுகளுக்குள் கடுகைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் முட்டைக்கூடுகள் ஒட்டியிருக்கும். 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது எல்லோரும் இந்த மண்புழுப் பசளையைத் தேடினோம். தடை நீங்கியதும் தொட்டிகளை வெறுமையாக விட்டோம். அது எனக்கு இன்றும் வருத்தமே.

சின்ன மாமா: பிரிட்ஜ் வந்த பெட்டியைத் தொடாதீர்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லை.

பெரியப்பா: அதுதான் எல்லாவற்றிலும் அகலமான மட்டை!

களுவாஞ்சிக்குடி அக்கா: ஞாயிற்றுக்கிழமை ஓட்டோவில் வந்து ஏற்றுகிறேன். இவரைக் கேட்டுவிட்டு உறுதியாகச் சொல்கிறேன்.

ஆரையம்பதி மாமி: அதுவரை ஒரு மட்டையும் என் வேலிப்பக்கம் வரக் கூடாது.

நான்: சரி மாமி, விறாந்தையிலேயே இருக்கட்டும். இன்றிரவு டேப்பை உரித்துவைக்கிறேன். பிரிட்ஜ் பெட்டியைப் பற்றி மாமாவும் பெரியப்பாவும் பேசி முடிவெடுங்கள்.