பிலிம் நியூஸ் ஆனந்தன் பத்திரிகையாளரா, பி.ஆர்.ஓ.வா?

கேலரி டிக்கெட்:
பிலிம் நியூஸ் ஆனந்தனைப் பற்றிப் பேச்சு வந்தாலே "மூத்த பத்திரிகையாளர்", "நடமாடும் சினிமா களஞ்சியம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 2016 மார்ச்சில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளிலும் இதேதான். எனக்கு இதில் ஒரு நெருடல். 1958ல் நாடோடி மன்னன் வெளிவந்தபோது எம்.ஜி.ஆர். பிக்சர்ஸுக்காகப் பத்திரிகை ஆபீஸ்களுக்குப் போட்டோவும் செய்தியும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ., அதாவது மக்கள் தொடர்பாளர், என்று நாமே பெருமையாகச் சொல்கிறோம். தயாரிப்பாளர் பக்கம் நின்று செய்தி கொடுக்கிறவரை எந்தக் கணக்கில் பத்திரிகையாளர் என்கிறோம்? அவர் நல்ல மனிதரா, கெட்டவரா என்பது என் கேள்வி இல்லை. ஒரே ஆள் வக்கீலாகவும் ஜட்ஜாகவும் உட்கார முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

பாட்டுப்புத்தகம்:
ஜட்ஜ் என்று அவரை யார் சொன்னது? அவர் விமர்சனம் எழுதிப் பேர் வாங்கியவர் இல்லையே. கேமராவோடு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்து படம் எடுத்தவர், 'பிலிம் நியூஸ்' பத்திரிகைக்குப் படங்கள் கொடுத்ததால்தான் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பி.ஆர்.ஓ. வேலை அதற்கு அப்புறம் வந்தது.

அதைவிட முக்கியம், அவர் குறித்து வைத்தவை. 1931 அக்டோபர் 31ல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான காளிதாஸ்தான் நம் முதல் பேசும்படம். டி.பி. ராஜலட்சுமி நடித்தது, எச்.எம். ரெட்டி இயக்கியது. அதன் ஒரு பிரிண்ட்கூட இன்று கிடையாது. இந்தத் தகவல்களாவது மிஞ்சியது விளம்பரம், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், ஸ்டில் என்று குப்பைக்குப் போக வேண்டியவற்றைச் சிலர் சேர்த்து வைத்ததால். அந்தச் சிலரில் முதல் வரிசையில் இருந்தவர் ஆனந்தன். எடுத்த கம்பெனிக்காரர்களே வைத்துக்கொள்ளவில்லை. பழைய நைட்ரேட் பிலிமை வெள்ளிக்காக உருக்கி விற்ற ஊர் இது.

பழைய டெஸ்க்:
நான் ஒரு நாளிதழில் சினிமா பக்கம் பார்த்தவன், பெயர் வேண்டாம். பி.ஆர்.ஓ. என்றால் என்ன என்று இங்கே பலருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். பழுப்புக் கவரில் நாலைந்து ஸ்டில் வரும். ஒவ்வொன்றின் பின்பக்கமும் டைப் அடித்த துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும், படத்தின் பெயர், கம்பெனி, யார் யார் நடித்தது. கூடவே ஒரு பக்கச் செய்தி, கடைசி வரி எப்போதும் "படப்பிடிப்பு விறுவிறுப்பாக நடந்து வருகிறது." ஒரே வாரத்தில் ஆறு படத்தின் படப்பிடிப்பும் விறுவிறுப்பாக நடக்கும்! நாங்கள் தலைப்பை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவோம், ஏனென்றால் பக்கம் நிரம்ப வேண்டும், வெளியே போய் விசாரிக்க ஆள் கிடையாது. அப்புறம் பிரஸ் ஷோ வந்தது, அதில் இன்னொரு வகைக் கவர் வந்தது. அதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனந்தன் சாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கேலரி டிக்கெட் கேட்பது சரியான கேள்வி. சினிமா நிருபர் என்ற வேலையே தபால் வாங்கி வைக்கிற வேலையாகச் சுருங்கியதற்கு இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

தாமிரபரணி:
எல்லாரும் ஏதோ ஒரு காலத்தில் சுத்தமான சினிமா பத்திரிகை இருந்தது போலப் பேசுகிறீர்கள். எப்போது இருந்தது? 1966ல் தொடங்கிய 'பொம்மை' விஜயா வாகினி ஸ்டூடியோ நாகி ரெட்டி குடும்பம் நடத்திய பத்திரிகை. ஆனந்த விகடன் முதலாளி எஸ்.எஸ். வாசன்தான் ஜெமினி ஸ்டூடியோ முதலாளியும். பம்பாயில் 'பிலிம் இந்தியா' நடத்தி எல்லாரையும் கிழித்துத் தொங்கவிட்ட பாபுராவ் படேல், மனைவி சுசீலா ராணியை வைத்துத் தானே படமும் எடுத்தார். இவர்களோடு ஒப்பிட்டால் ஆனந்தன் செய்தது பச்சையாகத் தெரிகிற வேலை. நான் பி.ஆர்.ஓ. என்று டைட்டிலிலேயே போட்டுக்கொண்டவரிடம் என்ன ஒளிவுமறைவு?

கேலரி டிக்கெட்:
தம்பி, விகடனை இழுத்ததால் சொல்கிறேன். 1977ல் 16 வயதினிலே படத்துக்கு விமர்சனத்தில் 62.5 மார்க் போட்டார்கள். இன்றுவரை ரசிகர்கள் அந்த எண்ணை வைத்துச் சண்டை போடுகிறார்கள். பெரிய ஹீரோ படத்துக்கு 40 போட்டுவிட்டு அடுத்த வாரமும் பத்திரிகை விற்க அவர்களால் முடிந்தது. ஆக, தள்ளி நின்று எழுதுவது நடக்காத காரியம் இல்லை.

தாமிரபரணி:
1977ல் வாசன் உயிரோடு இல்லை, 1969லேயே போய்விட்டார். ஜெமினி படம் எடுத்துக் குவித்த காலமும் முடிந்திருந்தது. சொந்தப் படம் ஓட வேண்டிய கட்டாயம் இல்லாதபோது தாராளமாக மார்க் போடலாம் அண்ணே.

சரி, யாருக்கும் கட்டுப்படாத சினிமா பத்திரிகையாளர்தான் வேண்டும் என்றால் லட்சுமிகாந்தன் இருந்தாரே. 'சினிமா தூது' நடத்தினார். பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு மூன்று பேரும் கவர்னரிடம் மனு கொடுத்து லைசென்ஸை ரத்து செய்ய வைத்தார்கள். அப்புறம் 'இந்துநேசன்' நடத்தினார். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்து, அதில் செத்தே போனார். எழுதாமல் இருக்கக் காசு கேட்பார் என்பதுதான் அவர் மேல் இருந்த பேச்சு. அந்த வழக்கில் பாகவதரும் கலைவாணரும் உள்ளே போய், 1947ல் விடுதலை ஆகி வரும்போது பாகவதரின் மார்க்கெட் போயே போய்விட்டது. பி.ஆர்.ஓ. இல்லாத காலத்தின் லட்சணம் இது.

பழைய டெஸ்க்:
இது விதண்டாவாதம். ஒரு பக்கம் மஞ்சள் பத்திரிகை, இன்னொரு பக்கம் கம்பெனித் துண்டுச் சீட்டு, நடுவில் எதுவுமே கிடையாதா? 'குண்டூசி' பத்திரிகை நடத்திய கோபால் இருந்தாரே, அவரைப் பார்த்து எத்தனை பேர் பயந்தார்கள். காசு வாங்கிக்கொண்டா குத்தினார்?

பாட்டுப்புத்தகம்:
குண்டூசியின் முழுத் தொகுப்பை வைத்திருக்கிறேன் என்று சொல்கிற ஒருவரையாவது நான் இன்னும் பார்க்கவில்லை. அங்கேதான் என் வாதம் நிற்கிறது சார். குத்தியவர்கள் எழுதியது போன இடம் தெரியவில்லை. ஆனந்தன் எழுதிய பட்டியல் 2004ல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்று புத்தகமாக வந்தது, அவர் சேகரித்ததை அரசே வாங்கியது. ஆண்டு வாரியாகப் படம், கம்பெனி, இயக்குநர், நடிகர்கள். வாசிக்க ஒரு சுவாரஸ்யமும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். சினிமா வரலாறு எழுதிய 'ராண்டார் கை'யின் கட்டுரையைப் படித்தால் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கிற மாதிரி இருக்கும், ஆனந்தனைப் படித்தால் ரயில்வே டைம்டேபிள். ஆனால் இன்றைக்கு இணையத்தில் பழைய படங்களுக்குப் பக்கம் எழுதுகிறவர்கள் கடைசியில் கை வைப்பது அந்த டைம்டேபிள் மேல்தான்.

கேலரி டிக்கெட்:
அந்தப் பட்டியலின் அருமையை நான் மறுக்கவே இல்லை. அதில் எது இல்லை என்று பாருங்கள். பாதியில் நின்றுபோன படம், சம்பள பாக்கி, யாரை எடுத்துவிட்டு யாரைப் போட்டார்கள், எந்தப் படத்தால் எந்த வினியோகஸ்தர் வீட்டை விற்றார், இது எதுவும் இருக்காது. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? எல்லா செட்டிலும் இருந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? வெளியான படம், நடித்தவர் பெயர், அவ்வளவுதான் வெளியே வரும். பி.ஆர்.ஓ. எழுதும் வரலாறு அப்படித்தான் இருக்கும். டைட்டில் கார்டோடு நின்றுவிடும்.

தாமிரபரணி:
தெரிந்ததை எல்லாம் எழுதியிருந்தால் மறுநாள் எந்த ஸ்டூடியோ கேட் திறந்திருக்கும்? உள்ளே போக முடியாதவரால் ஸ்டில் எப்படிச் சேர்க்க முடியும்? வாயை மூடிக்கொண்டதுதான் அவருக்கு நுழைவுச் சீட்டு. இன்றைக்கு நிலைமை தலைகீழ், போனை வைத்திருக்கிறவன் எல்லாம் விமர்சகன். 2024 நவம்பரில் கங்குவா வந்த கையோடு தயாரிப்பாளர் சங்கம், தியேட்டர் வளாகத்தில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு வீடியோ எடுக்க யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. இவர்களில் யாராவது ஒருவர் 70 வருடம் கழித்துப் பயன்படுகிற ஒரு காகிதத்தையாவது எடுத்து வைத்திருக்கிறாரா?

பழைய டெஸ்க்:
வாயை மூடிக்கொண்டது நுழைவுச் சீட்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. அப்புறம் எதற்கு "பத்திரிகையாளர்" பட்டம்? ஆவணக்காரர் என்று சொல்லுங்கள், நான் எழுந்து நின்று கும்பிடுகிறேன். பாட்டுப்புத்தகம் சொன்னதில் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாதுகாத்தவர்கள் எல்லாரும் சினிமாவை நேசித்தவர்கள் இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் மார்த்தாண்ட வர்மா தப்பியதற்குக் காரணம் கோர்ட் கேஸ். படத்தின் மூலக்கதையான நாவலின் உரிமைக்காக அதன் பதிப்பகம் வழக்குப் போட்டது, பிரிண்ட் பறிமுதலாகி அவர்களிடமே கிடந்தது, பிறகு புனே ஆவணக் காப்பகத்துக்குப் போனது. அதற்காக அந்தப் பதிப்பகத்தைத் திரை வரலாற்றாசிரியர் என்று யாரும் சொல்வதில்லை.

பாட்டுப்புத்தகம்:
கேஸில் மாட்டிய பெட்டியும், வாழ்நாள் முழுக்க ஒருவர் தேடித் தேடிச் சேர்த்ததும் ஒன்றா சார்? பட்டத்தில் எனக்கு அக்கறை இல்லை, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். கேலரி டிக்கெட் கேட்ட அந்த விடுபட்ட விஷயங்கள் பாதி இன்னும் தேடினால் கிடைக்கும். 1940களின் பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்திருப்பார்கள், அதில் போட்டிருக்கும் நடிகர் பட்டியலைப் பத்திரிகை விளம்பரத்தோடு ஒப்பிட்டால் யாரை மாற்றினார்கள் என்று சில படங்களுக்குப் பிடித்துவிடலாம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், ஆளுக்கொரு வருடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கேலரி டிக்கெட்:
1944 எனக்கு. ஆனந்தன் பட்டியலையும் கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன், தப்பு கண்டுபிடித்தால் இங்கேயே போடுவேன், கோபப்படக் கூடாது.