கீழக்கரையில் ஒரு பழைய வீடு: முன்பு குடியிருந்தவர்களையும் உடைமையாளர்களையும் தேடிக் காண்பது எவ்வாறு?

கடற்கரைப் பேரன் (கேள்வி):

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற அன்பர்களுக்கு வணக்கம்.

கீழக்கரையில், பழைய ஜும்ஆப் பள்ளியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், என் உம்மாவின் வழியாக எங்களுக்கு வந்த மாடி வீடு ஒன்று இருக்கிறது. சுவர்கள் கடற்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. உத்தரங்கள் பர்மாத் தேக்கு. முன்வாசல் நிலைக்கு மேலே அரபி எண்களில் 1309 என்று செதுக்கியிருக்கிறது. தெருவிலுள்ள பெரியவர்கள் இன்றும் இதைக் ‘கொழும்பார் வீடு’ என்றே சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த மூன்று தலைமுறையில் எங்கள் குடும்பத்தில் எவரும் கொழும்பில் கடை வைத்ததில்லை என்பதால், அந்தக் கொழும்பார் யார் என்ற கேள்வி சிறு வயது முதலே எனக்கு உண்டு. இப்போது மாடி மச்சைப் பிரித்துப் பழுது பார்க்கும் வேலை தொடங்கியிருப்பதால் அந்தக் கேள்வி மறுபடியும் எழுந்துவிட்டது.

என் கையில் இருப்பவை மிகச் சில. 1934-ஆம் ஆண்டு மீட்கப்பட்டதாகக் குறிப்பெழுதிய ஒத்திப் பத்திரம் ஒன்று இருக்கிறது. வீட்டை ஒத்திக்குக் கொடுத்தவராக அதில் காணும் பெண்மணியின் பெயர் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. அடுத்து, 1961-ஆம் ஆண்டின் வீட்டு வரி ரசீது ஒன்று. மூன்றாவது, உம்மாவின் தகப்பனார் பெயரில் உள்ள நத்தம் (குடியிருப்பு மனை) பட்டா. இணையத்தில் 1975 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில் பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. ஓர் அலுவலகத்தில் நேரில் கேட்டபோது, சர்வே எண் சொன்னால்தான் பழைய புத்தகங்களைத் தேட முடியும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒத்திப் பத்திரத்தில் சர்வே எண்ணே கிடையாது, நான்கு எல்லைகள் மட்டுமே எழுதியிருக்கின்றன.

விற்பதற்காகவோ வழக்குக்காகவோ கேட்கவில்லை. இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், அது எவ்வாறு கை மாறியது என்று அறிய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பழைய பத்திரம்:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது குறைவு என்று நினைக்க வேண்டாம். அந்த ஒத்திப் பத்திரம் ஒன்றே போதுமான தொடக்கம். அதைத் திருப்பி, பின்பக்கத்தை முதலில் படியுங்கள். எந்தச் சார்பதிவகத்தில் தாக்கலானது, 1-ஆம் புத்தகத்தில் (அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதியும் ஏடு) எத்தனையாவது வால்யூம், எந்தப் பக்கங்கள், எந்த ஆண்டின் எத்தனையாவது எண் என்ற விவரம் அங்கே இருக்கும். சார்பதிவகங்களின் எல்லை பலமுறை மாறியிருப்பதால், இன்றைக்கு உங்கள் தெரு எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டிலும் அன்றைய முத்திரை எந்த அலுவலகத்தைச் சொல்கிறது என்பதே முக்கியம். முத்திரைத்தாளை விற்ற ஸ்டாம்ப் வெண்டர் எழுதிய குறிப்பையும் பாருங்கள். யார் பெயருக்கு, எந்த ஊரில், எந்தத் தேதியில் தாள் வாங்கப்பட்டது என்பது அதில் இருக்கும். வாங்கியவர் ஒரு கணக்கப்பிள்ளையாகவோ மருமகனாகவோ இருந்தால் அதுவே ஒரு துப்பு.

சர்வே எண் இல்லாமல் தேட முடியாது என்று உங்களிடம் சொன்னது சரியன்று. 1-ஆம் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களின்படி ஒன்று, சொத்து இருக்கும் ஊரின்படி மற்றொன்று. கணினியில் 1975-க்குப் பிந்தையவைதான் பெரும்பாலும் கிடைக்கும் என்பதால், அதற்கு முந்தைய காலத்துக்கு ஆள்வைத்துத் தேடும் மனுவைப் பெயரின்பேரில் கொடுங்கள். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 57-ஆம் பிரிவின்படி, 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம், நகலும் பெறலாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அவற்றின் நகலும் பிறருக்குக் கிடைக்கும். பவர் (அதிகாரப் பத்திரம்) போன்றவை ஏறும் 4-ஆம் புத்தகத்துக்குத்தான் கட்டுப்பாடு அதிகம்.

பழைய எழுத்தைப் படிக்கும்போது ஓர் இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘இன்னார் வீட்டுக்குக் கிழக்கு’ என்று பத்திரம் சொன்னால், சொத்து அந்த வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். அதாவது அந்த இன்னார் மேற்கு எல்லைக்காரர். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எதிர்த்திசையில் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அதையும் நம்பி இறங்கிவிடக் கூடாது. பிரபவ என்றால் 1867-68 ஆகவும் இருக்கலாம், 1927-28 ஆகவும் இருக்கலாம். தாளில் இருப்பது விக்டோரியா மகாராணியின் தலையா, ஐந்தாம் ஜார்ஜின் தலையா என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். இன்னொன்று: இராமநாதபுரம் ஜில்லா 1910-இல்தான் உருவானது. அதற்கு முந்தைய பத்திரமாக இருந்தால் தலைப்பில் மதுரை ஜில்லா என்று இருக்கும். வேறு ஊர்ப் பத்திரம் என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம்.

இறுதியாக, உங்கள் வீட்டுப் பத்திரம் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டாரின் பத்திரங்களைக் கேளுங்கள். உங்கள் வீடு அவர்களுக்கு எல்லை. அவர்கள் விற்றபோதும், பாகம் பிரித்தபோதும், ஒத்தி வைத்தபோதும் அன்றைக்கு உங்கள் வீடு யாருடையதாக அறியப்பட்டதோ அந்தப் பெயரை எழுதியாக வேண்டியிருந்தது.

உம்மா வீடு:

வ அலைக்கும் ஸலாம், தம்பி. பழைய பத்திரம் ஐயா சொன்னது முழுவதும் சரியே. ஆனால் நம் ஊர் வீட்டைத் தேடுகிறவர் அதற்கு முன்பாக ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வீடு மகளுக்குப் போவது வழக்கம். நிக்காஹ் முடிந்தபின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குகிறார். ஆகவே உங்கள் வீட்டின் கதை வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று மேலே போகாது. உம்மா, அவர்களின் உம்மா, அவர்களுக்கும் உம்மா என்று போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் வெளியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து சேர்ந்திருப்பார். வாப்பா வழியிலேயே தேடிக்கொண்டிருந்தால் அந்த வீட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆண்களின் பட்டியல்தான் கையில் மிஞ்சும்.

வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை என்பதற்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம். மகளுக்கு வீட்டைக் கொடுப்பதை நம் முன்னோர் பெரும்பாலும் வாய்மொழி ஹிபாவாகவே செய்தார்கள். கொடுத்தேன் என்று சொல்வதும், ஏற்றேன் என்று மகள் தரப்பில் சொல்வதும், வீட்டைக் கைவசம் ஒப்படைப்பதும் நடந்துவிட்டால் அது முழுமையான கொடை; 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 129-ஆம் பிரிவில் முஸ்லிம்களின் கொடைக்குப் பதிவிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. எனவே மூன்று முறை கை மாறிய வீட்டுக்கு ஒரு பதிவுகூட இல்லாமல் இருப்பதில் வியப்பில்லை. பணத் தேவை வந்து வெளியாரிடம் ஒத்தி வைத்தபோது மட்டும்தான் வீடு சார்பதிவகத்தின் வாசலை மிதித்திருக்கும். உங்களிடம் மிஞ்சியிருப்பது ஓர் ஒத்திப் பத்திரம் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் கை மாறிய நாளை எங்கே பார்ப்பது? நிக்காஹ் நடந்த நாளில் பாருங்கள். உங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் மணமகளின் பெயர், அவர் வாப்பாவின் பெயர், மாப்பிள்ளையின் ஊர், மஹர், சாட்சிகள் எல்லாம் இருக்கும். பழைய ஏடுகள் அரபுத் தமிழில், அதாவது அரபி எழுத்தில் எழுதிய தமிழில், இருந்தால் மனம் தளர வேண்டாம். மத்ரஸாவில் ஓதிய மூத்த பெண்கள் சிலர் இன்றும் அதைத் தடையின்றிப் படிப்பார்கள். என் மாமியாரே எங்கள் வீட்டுப் பழைய கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டினார். ஒத்திப் பத்திரத்துப் பெண்மணி இன்னார் மகள், இன்னார் மனைவி என்றுதான் குறிக்கப்பட்டிருப்பார். அந்த மூன்று பெயர்களையும் எடுத்துக்கொண்டு, உங்கள் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்த பெண்ணிடம் போங்கள். ஆண்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் பாதி வாழ்நாளைக் கடல் கடந்து கழித்தவர்கள்.

சேது சீமை:

உம்மா வீடு அம்மையார் சொன்னதற்குப் பிறகு, வருவாய்த்துறை ஆவணங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டா உங்கள் உம்மாவின் தகப்பனார் பெயரில் இருப்பதால் அவர்தான் உடைமையாளர் என்று முடிவு செய்துவிட வேண்டாம். நத்தம் நில அளவை நடந்தபோது வாசலில் நின்று பதில் சொன்ன ஆணின் பெயர் பட்டாவில் ஏறியது பல வீடுகளில் நடந்தது. மனைவிக்கு உரிய வீட்டில் கணவர் பெயரில் பட்டா இருப்பது இந்தக் கடற்கரையில் மிகவும் இயல்பு. பட்டாவை, அந்த ஆண்டில் அங்கே குடியிருந்தவர் யார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளுங்கள். அந்த அளவில் அது நல்ல ஆவணம். வீட்டு வரிக் கேட்புப் பதிவேடும் வாக்காளர் பட்டியலும் அவ்வாறே. பின்னது வீட்டு எண் வாரியாகப் பெயர்களைத் தருவதால் வாடகைக்கு இருந்தவர்களைக்கூட அதில் காணலாம். கதவு எண்கள் மாறியிருக்கும் என்பதால் இரண்டு மூன்று அண்டை வீட்டாரின் பெயர்களோடு சேர்த்து ஒப்பிடுங்கள்.

அதற்கும் முன்னே போனால் வீட்டு மனைக்கு அரசுப் பட்டா என்ற பேச்சே இராது. இராமநாதபுரம் 1803-இல் நிரந்தர ஜமீனாக ஏற்பட்டது. ஜமீன் ஒழிப்புக்காக வந்த 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம் நிலத்தை அரசிடம் சேர்த்தாலும், கட்டடங்களை அதுவரை உடையவர்களாக இருந்தவர்களிடமே விட்டது. ஜமீன் கணக்கில் நஞ்சை, புஞ்சை ஆகியவற்றுக்குத்தான் கவனம் அதிகம். வரி விளையாத குடியிருப்பு மனைக்கு யார் எதை எழுதி வைக்கப் போகிறார்கள்? சமஸ்தானத்துப் பதிவுகளிலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ உங்கள் வீடு நேரடியாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். வணிகரின் பெயர் தெரிந்தபின் போனால் பயன் உண்டு.

1309 பற்றி: ஹிஜ்ரி 1309 என்பது 1891 ஆகஸ்ட் முதல் 1892 ஜூலை வரையிலான காலம். ஆனால் நிலை புதிதாக வைக்கப்பட்ட ஆண்டும் வீடு கட்டப்பட்ட ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் ஒன்றைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள்; தொழிற்சாலையின் பெயர் அச்சிட்டிருக்கும். அந்த வகை ஓட்டுத் தொழிற்சாலையைப் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கியதே 1865-இல்தான். கடற்கல்லை எந்தச் சூழ்நிலையிலும் மாற்றிவிடாதீர்கள். மன்னார் வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகிவிட்டது; பவளப்பாறையை வெட்டி எடுப்பது இன்று குற்றம். எடுத்துவிட்டால் அந்தக் கல் மறுபடி கிடைக்காது.

கடற்கரைப் பேரன்:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒத்திப் பத்திரத்தின் பின்பக்கத்தில் வால்யூமும் பக்கமும் தெளிவாக இருந்தன; பெயரின்பேரில் தேடச் சொல்லி மனு கொடுத்தேன், பதிலை எதிர்பார்த்திருக்கிறேன். அதற்குள் கிழக்கு வீட்டார் தங்களுடைய 1926-ஆம் ஆண்டுக் கிரையப் பத்திரத்தைக் காட்டினார்கள். எல்லை விவரத்தில் ‘கொழும்பார் மகள்’ என்று தொடங்கி, எங்கள் ஒத்திப் பத்திரத்தில் உள்ள அதே பெண்மணியின் பெயரோடு, ‘வீட்டுக்குக் கிழக்கு’ என்று எழுதியிருக்கிறது. ஐயா சொல்லியிராவிட்டால் அவர்கள் வீட்டுக்கு அந்தப் பக்கத்தில்தான் கொழும்பாரைத் தேடிக்கொண்டிருப்பேன். ஆக, கொழும்பார் என்பவர் அந்தப் பெண்மணியின் வாப்பா.

பெயரை எடுத்துக்கொண்டு உம்மாவின் பெரியம்மாவிடம் போனேன். அவர்களுக்கு எண்பத்தெட்டு வயது. பெயரைக் கேட்டவுடன், “அது எங்க மூத்தும்மா இல்லையா” என்றார்கள். வீட்டில் எல்லோரும் செல்லப் பெயரால் மட்டுமே அழைத்து வந்ததால், பத்திரத்தில் உள்ள முழுப் பெயர் எங்கள் தலைமுறைக்கு வந்து சேரவே இல்லை. ஒத்தியை மீட்ட பணம் அந்த மூத்தும்மாவின் காப்பை விற்றதில் வந்தது என்றும் சொன்னார்கள். அதற்குச் சான்று கிடையாது. ஆனாலும் குறித்து வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஒத்திப் பத்திரத்தில் அவருக்காகக் கையெழுத்திட்டவர் கணவர் அல்லர். ‘முக்தியார் ஏஜெண்டு’ (அதிகாரம் பெற்ற முகவர்) என்று குறித்த வேறொருவர். கணவர் அப்போது எங்கே இருந்தார் என்று எவ்வாறு அறிவது?

பழைய பத்திரம்:

கணவர் எங்கே என்பதைவிட, அவருக்கு அதிகாரம் கொடுத்த முக்தியார்நாமா எங்கே எழுதப்பட்டது என்று பாருங்கள். பதிவுக் குறிப்பில் அதன் தேதியும், அதை அத்தாட்சி செய்தவர் யார் என்பதும் இருக்கும். சார்பதிவாளர் என்று இருந்தால் அந்தப் பெண்மணி ஊரில்தான் இருந்தார். நொத்தாரிசு (நோட்டரி) என்று இருந்தால் வெளிநாட்டில் எழுதியது. 33-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. அப்படியானால் அந்த அம்மையாரும் சில காலம் கணவரோடு கொழும்பில் இருந்திருக்க வேண்டும். 1934-க்கு முன்பு வீட்டில் குடியிருந்தவர் வேறு யாரோ. ஒத்திக்கு வாங்கியவர் பெயரைப் பாருங்கள். ஒத்தி என்றால் வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பது. அந்தக் குடும்பமே அங்கே குடியிருந்திருக்கலாம்.

கடற்கரைப் பேரன்:

நொத்தாரிசு என்றுதான் இருக்கிறது, ஐயா. முகவரி கொழும்பு புறக்கோட்டை. ஒத்திக்கு வாங்கியவரின் பேரப்பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.