60 வாட் குண்டு பல்பு தாங்கிய கூட்டுக்குள் 9 வாட் எல்.இ.டி. ஏன் தாங்கவில்லை?

மாடிப்படிக்காரன்:
வீட்டில் இருந்த 11 குண்டு பல்புகளையும் எல்.இ.டி.யாக மாற்றி ஒரு வருடம் ஆகிறது. மற்ற எல்லாம் நன்றாக எரிகின்றன. மாடிப்படி பல்பு மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது. இரண்டு பல்பு போய்விட்டது, ஒவ்வொன்றும் நான்கு மாதம்கூட வரவில்லை. முதலில் மினுக்கும், அப்புறம் ஒருநாள் அணைந்துவிடும். அது முழுக்க மூடிய கண்ணாடிக் கூடு. இதே கூட்டுக்குள் 60 வாட் குண்டு பல்பு வருடக்கணக்கில் எரிந்தது. அவ்வளவு சூட்டைத் தாங்கிய இடத்தில் 9 வாட்டுக்கு என்ன கேடு?

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருக்கிறது. இரவில் அந்தப் படியில்தான் இறங்கி வருகிறார். புது வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றும் சொல்கிறார். அவர் இருட்டில் கால் வைப்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இன்னொன்று: அறையில் ஒரு பல்பு சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது. ஆபத்தா?

பழைய வயர்மேன்:
சூடு எவ்வளவு என்பதைவிட, அது எங்கே போகிறது என்பதுதான் விஷயம். குண்டு பல்பின் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸில்தான் வேலை செய்கிறது. கூட்டுக்குள் இருக்கும் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எல்.இ.டி.யின் அடிப்பாகத்தில் டிரைவர் என்ற சின்ன மின்சுற்று இருக்கிறது. ஒளி தரும் சில்லுகளின் சூடு பின்பக்கமாக இறங்கி அங்கேதான் சேரும். காற்று போக வழியில்லாத கூட்டில் அந்தச் சூடு வெளியேறாது. முதலில் சாவது பெரும்பாலும் டிரைவரில் உள்ள கெபாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சின்னப் பாகம். 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நீங்கள் சொன்ன மினுக்கல் அதற்கு அடையாளமாக இருக்கலாம்.

மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்கும் பல்பை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கீழே திறந்த கூடு மாட்டலாம்.

அணைத்தும் எரிவதற்கு வருகிறேன். சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டமே போதும், எல்.இ.டி. மங்கலாக எரியும். அது பயப்படும் விஷயம் இல்லை. ஆனால் சுவிட்ச் ஃபேஸை (மின்சாரம் வரும் கம்பி) வெட்டாமல் நியூட்ரலை (திரும்பிப் போகும் கம்பி) வெட்டும்படி வயரிங் இருந்தாலும் இப்படி நடக்கும். அப்போது அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். தெரிந்த ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கும் வரை அந்த பல்பைக் கழற்றவே வேண்டாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரவு வாசிப்பவள்:
அம்மாவின் கூச்சத்துக்கு நிறம் காரணமாக இருக்கலாம். அட்டையில் 6500 கெல்வின் என்று இருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். என் அப்பாவின் அறையில் மாற்றிய அன்றே அவர் முகம் சுளிப்பது நின்றது. மஞ்சள் என்றால் மங்கல் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. வெளிச்சத்தின் அளவு லூமெனில் இருக்கும். 60 வாட் குண்டு பல்புக்கு ஈடு ஏறக்குறைய 800 லூமென். பல்பு நேராகக் கண்ணில் படாமல் பால்வெள்ளைக் கூடு போட்டால் இன்னும் நல்லது.

மாடிப்படிக்காரன்:
இருவருக்கும் நன்றி. அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன், 6500தான். இப்போது 2700 கெல்வின், 800 லூமென் பல்பை அடிப்பக்கம் திறந்த பால்வெள்ளைக் கூட்டில் மாட்டியிருக்கிறேன். நேற்று இரவு அம்மா கைப்பிடியைத் தடவாமல் இறங்கினார், நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறை சுவிட்சில் இண்டிகேட்டர் எதுவும் இல்லை. அதனால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன், நாளைக் காலை வருகிறார். அதுவரை அந்த அறையில் யாரும் ஹோல்டரைத் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.